கல்யாண முருங்கைக் கொம்பு

ஜூன் 11, புதன்

இன்று கொம்பை நட்டோம். கல்யாண மேடையில் அரசாணிக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்த கல்யாண முருங்கைக் கொம்பு. மண்டபத்திலிருந்து சீர்வரிசைப் பாத்திரங்களோடு கார் டிக்கியில் வந்து, இரண்டு நாள் கூடத்து மூலையில் சாய்ந்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து அதைக் கொல்லையில் நடுவது இந்த வீட்டு வழக்கமாம். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்றார்கள். துளிர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கை நீளம் இருக்கும். கறுப்பு முட்கள். நடுவில் பக்கக் கிளையைச் சீவிய தழும்பு, மூடிய கண் மாதிரி. உச்சி சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. மேலெல்லாம் மஞ்சள். குமரகுரு குழி தோண்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் கேட் வரை போய்விட்டார். திரும்பி வரும்வரை நான் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவர் மண்ணைத் தள்ளி, காலால் அமுக்கினார்.

அத்தை ஒரு சொம்புப் பாலை அதன் தலையில் ஊற்றினார். "ஆடிப்பெருக்குக்குத் தாலி பிரிச்சுக் கோக்கணும். சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அதுக்குள்ள ரெண்டு இலையாவது விட்டுடும்" என்றார், என்னிடமா கொம்பிடமா என்று தெரியாதபடி.

நேற்று இரவு குமரகுரு என்னிடம் ஒன்று சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 13, வெள்ளி

குமரகுரு சென்னைக்குக் கிளம்பிவிட்டார். "வீடு பார்த்துட்டுச் சொல்றேன், அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். அத்தை பக்கத்தில் நின்றிருந்தார். அதனால் நானும் சரி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

புத்தகப் பெட்டி இன்னும் அறை மூலையில் டேப் பிரிக்காமல் இருக்கிறது. புதுக்கோட்டையில் கல்லூரி நூலக வேலையை விட்டபோது, இனி பகலெல்லாம் படிக்கலாம் என்று நினைத்தேன். இப்போது நாலு வரிக்கு மேல் கண் ஓடுவதில்லை. எழுத்து தெரிகிறது. அர்த்தம்கூடத் தெரிகிறது. எனக்கும் அதற்கும் நடுவில் ஏதோ கண்ணாடி.

அதற்குப் பதிலாக மொபைலில் வீட்டுத் தோட்ட வீடியோ பார்க்கிறேன். புதிதாகச் செடி வைக்கிறவர்கள் செய்யும் தவறுகள் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் வரிசையாகப் போடுகிறார். உற்சாகமான குரல். "செடி தாகத்துல சாகறது கம்மிங்க. நம்ம பாசத்துலதான் சாகுது. ஊத்தி ஊத்தியே கொன்னுபோடறோம்." வேர் மூச்சுவிட இடம் வேண்டும், மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அத்தை காலையில் கொம்புக்குப் பாலும் தண்ணீரும் கலந்து ஊற்றுகிறார். மாலையில் மஞ்சள் தண்ணீர். நடுவில் அரிசி களைந்த தண்ணீரும் அங்கேதான் போகிறது. விரலை விட்டுப் பார்த்தேன். களிபோல இருக்கிறது.

சொல்லவில்லை. வந்த புதிதில் சொல்லிக் கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

கொம்புக்குத் தள்ளி ஒரு சின்னப் பாத்தி கட்டி, தண்டுக்கீரை விதை தூவினேன். ஏதாவது செய்துகொண்டிருந்தால் பொழுது போகும்.

ஜூன் 24, செவ்வாய்

பக்கத்து வீட்டு லூர்து அக்காவோடு பேச்சு. ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். மதில் மேல் முகத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"என்ன புதுப்பொண்ணே, கொம்புக்குத் தாலாட்டுப் பாடியாச்சா?"

"இன்னும் துளிர்க்கலக்கா."

"அதைப் போய் இந்தப் பாடு படுத்தறீங்களே. என் வேலியைப் பாரு, அதுபாட்டுக்குக் கெடக்கு. நான் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. இருமல் சளி வந்தா நாலு இலையைப் பறிச்சு அடை தட்டித் தின்போம், அவ்வளவுதான் அதுக்கும் எனக்கும்."

அவர் வேலி முழுக்கக் கல்யாண முருங்கை. மேலே வெற்றிலைக் கொடி படர்ந்திருக்கிறது. எந்தக் கிளைக்கும் மஞ்சள் பூசவில்லை.

கீரைக்கு டீத்தூள் போடச் சொன்னார். வடிகட்டியதை அப்படியே கொட்டினேன். சாயங்காலம் பார்த்தால் பாத்தி முழுக்க எறும்பு. சர்க்கரையைக் கழுவ வேண்டுமாம். அதையும் கோயம்புத்தூர்க்காரர் சொல்லித்தான் தெரிந்தது. லூர்து அக்காவிடம் சொன்னேன். "அடடே, எங்க வீட்ல டீக்குச் சர்க்கரை போடறதில்லையே, சுகரு" என்றார்.

சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகத்தில் ஏதோ அசைந்தது.

ஜூன் 29, ஞாயிறு

அத்தை தினமும் காலையில் கொம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கிறார்.

"வேர் பிடிச்சிருக்கான்னு பார்க்கறேன்."

"ஆட்டினா புது வேர் அறுந்துடும்னு சொல்றாங்க அத்தை."

"யாரு?"

"போன்ல ஒருத்தர்."

"போன்லயா" என்றார். கையை எடுத்துவிட்டார். நான் உள்ளே வந்ததும் மறுபடி ஆட்டினார். சமையலறை ஜன்னலிலிருந்து கொல்லை நன்றாகத் தெரியும்.

கொம்பின் அடிப்பட்டை கறுத்திருக்கிறது. குனிந்தால் புளித்த பால் வாடை.

மத்தியானம் வத்தக்குழம்பு. "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். வந்த நாளிலிருந்து தினமும் கேட்கிறார். தினமும் நல்லா இருக்கு என்கிறேன். எனக்கு எதுவும் உறைப்பதில்லை, கரிப்பதில்லை. வாய்க்குள் போகிறது, வயிறு நிறைகிறது.

ஜூலை 3, வியாழன்

போன் வந்தது. மழை உண்டா என்று குமரகுரு கேட்டார். இல்லை என்றேன். பின்னால் ஒரு பெண் குரல், "குக்கர் எத்தனை விசில்?" என்று கேட்டது. "மூணு" என்றார் அந்தப் பக்கம் திரும்பி. பிறகு என்னிடம், "அம்மாகிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன்.

ஜூலை 9, புதன்

பெரிய அத்தை வந்தார். மாமனாரின் அக்கா, செண்பகம். மாமனார் இறந்து மூன்று வருடம் ஆனாலும் இந்த வீட்டில் அவருடைய அக்காவுக்கு அதிகாரம் குறையவில்லை. செருப்பைக் கழற்றியதும் நேராகக் கொல்லைக்குப் போனார். காபி எல்லாம் அப்புறம்.

கொம்பைச் சுற்றி வந்து பார்த்தார். அடிப்பட்டையை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை இல்லை, பழுப்பு.

"ஏன் திலகா, இது உன் கொம்பு மாதிரியே இருக்கே."

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உன்னுதும் இப்படித்தான். கறுத்துச்சு. அப்புறம் பட்டுச்சு. என் தம்பி குடும்பம் என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "கை ராசின்னு ஒண்ணு இருக்கும்மா. நீ தொட்டு நட்டியா, அவன் மட்டும் நட்டானா?"

"நான் பிடிச்சுக்கிட்டேன். அவர் மண்ணு தள்ளினார்."

"பிடிச்சது நீதானே" என்றார். கணக்குத் தீர்ந்துவிட்ட மாதிரி.

ஆடிப்பெருக்கன்று வருகிறேன், அதற்குள் இலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு அத்தை ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பத் துலக்கிக்கொண்டிருந்தார். நான் போய்க் குழாயை மூடினேன். அதற்குப் பிறகும் தேங்காய் நாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 14, திங்கள்

இன்று காலை கொம்பு நன்றாக இருந்தது. அடியில் கறுப்பு இல்லை. பட்டை பளபளவென்று பச்சை.

"பாத்தியா, தேறிடுச்சு" என்றார் அத்தை. நேற்று நான் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கிய நேரத்தில் மண்ணைக் கொஞ்சம் மாற்றிப் போட்டாராம். அதனால்தானாம்.

குனிந்து பார்த்தேன். நடுவில் அந்த மூடிய கண் இல்லை. சுற்றி வந்து பார்த்தேன். எந்தப் பக்கமும் இல்லை. உச்சியில் சாய்வான வெட்டு இல்லை, நேர் வெட்டு. மஞ்சள் மட்டும் புதிதாக, விரல் தடத்தோடு.

"ஆமா அத்தை, தேறிடுச்சு" என்றேன்.

பத்து மணிக்கு லூர்து அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார். "எவனோ ஆட்டுக்குத் தழை ஒடிச்சிருக்கான்! ஒடிக்கறவன் தழையை எடுத்துட்டுக் கொம்பைப் போடுவான். இவன் தழையைப் போட்டுட்டுக் கொம்பை எடுத்துட்டுப் போயிருக்கான். கோட்டிப்பய ஆடு வளர்க்கறான் போல!"

அத்தை அடுப்படியில் மிக்ஸியைப் போட்டார். உள்ளே எதுவும் அரைபடவில்லை. நான் ஜாடியைப் பார்த்தேன். காலி.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண்ணை அழைத்துப்போக அம்மா வந்திருக்க வேண்டும். அக்காவுக்கு இந்த மாதமே பிரசவம் என்பதால் அம்மாவும் அப்பாவும் பெங்களூரில் இருக்கிறார்கள். போனில் அம்மா, "நீ சந்தோஷமா இருக்கே இல்ல?" என்றார். இருக்கேன் என்றேன். "அவ்வளவுதான் எனக்கு வேணும், இங்கே இவ ஒரு பக்கம் கெடந்து..." என்று அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கீரையை நெருக்கமாகத் தூவிவிட்டேன். அதுவும் அந்தத் தவறுகளில் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எல்லாம் வெளிறி, நூல்போல நிற்கின்றன. பாதியைப் பிடுங்க வேண்டும். உட்கார்ந்து பிடுங்கினேன். சுலபமாக வந்தன. பிடுங்கிக்கொண்டே இருந்தபோது, எழுதமாட்டேன் என்று சொன்னதை எழுதினால்தான் என்ன என்று தோன்றியது.

கல்யாணமான மூன்றாம் நாள் அவர் சொன்னது இது: சென்னையில் அவரோடு ஒரு பெண் இருக்கிறாள். மூன்று வருடமாக. அவர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. அதனால் தாலி கட்டினார். என்மேல் கோபம் எதுவும் இல்லை. கொஞ்சம் டைம் வேண்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

"சரி" என்று சொன்னேன். அந்தச் சரி எங்கிருந்து வந்தது என்றுதான் இவ்வளவு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். படித்த கதைகளில் இந்த இடத்தில் பெண்கள் அழுதார்கள், கேள்வி கேட்டார்கள், ரயில் ஏறினார்கள். நான் அவர் தலையணைக்கு உறை மாற்றிப் போட்டேன்.

ஆடிப்பெருக்கன்று மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுத் தாலியைத் தங்கச் சங்கிலியில் கோர்ப்பார்கள். கயிறு என்றால் இன்னும் புதுசு, சங்கிலி என்றால் முடிந்தது. அதற்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் எனக்கு வாழ்க்கை முழுக்க இந்தச் சமையலறை ஜன்னல்தான்.

தொண்டை கரகரப்பு. நேற்று மழையில் நனைந்தது.

ஜூலை 22, செவ்வாய்

இருமல்.

ஜூலை 26, சனி

இரண்டாவது கொம்பும் அடியில் கறுக்கிறது. அதே பால், அதே மஞ்சள் தண்ணீர். அத்தை இப்போதெல்லாம் நான் எழுவதற்கு முன்பே கொல்லையில் இருக்கிறார்.

வெட்டிய கொம்பை உடனே நடக் கூடாதாம். வெட்டுவாய் காய வேண்டும். நாலைந்து நாள் நிழலில் சும்மா கிடக்க விட்டால், தானே தோல் மூடிக்கொள்ளும். அவசரப்பட்டு ஈரத்தில் சொருகினால் அழுகல் உள்ளே ஏறும். கோயம்புத்தூர்க்காரர் இதை ரோஜாவை வைத்துச் சொன்னார். நிறுத்திவிட்டு இன்னொரு முறை கேட்டேன்.

இருமல் சத்தம் மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது. லூர்து அக்கா ஒரு கை இலையை நீட்டினார். "புழுங்கலரிசியோட அரைச்சு, மிளகு சீரகம் போட்டு அடையா தட்டு. ரெண்டே வேளை, நெஞ்சுல கட்டின சளி கரைஞ்சு ஓடிடும்."

அத்தை வாங்கவிடவில்லை. "வேணாம் லூர்து. இந்த வருஷம் அந்த இலை எங்க அடுப்புல ஏறக் கூடாது. கொம்பு கொல்லையில இருக்கறப்போ ஆகாது."

"சரிதான். கொம்பு பொழைக்கணும்னு பொண்ணு இருமிச் சாகணுமா?"

"வாயைக் கழுவு."

"கழுவிட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு லூர்து அக்கா இலைகளோடு போய்விட்டார். அத்தை எனக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். தொண்டையில் சுக்கு இறங்குவது தெரிய வேண்டும். தெரியவில்லை.

ஜூலை 31, வியாழன்

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். குச்சியால் குத்திவிடலாம் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். யாரும் போகாத இடம். உடைந்த பூந்தொட்டி, பழைய கம்பிவலை, செங்கல். செங்கல்மேல், ஒரு பழைய பட்டுத்துணிக் கிழிசலை விரித்து, அதன்மேல் கொம்பு படுத்திருந்தது. மூடிய கண் மேலே பார்த்தபடி.

குப்பையில் போடவில்லை. கல்யாணக் கொம்பைக் குப்பையில் போட அத்தைக்கு மனசு வராது என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அழுகிய அடிப்பகுதியை அரிவாளால் வெட்டியிருந்தார். மீதி, தொட்டி நிழலில், யாரும் தண்ணீர் ஊற்றாமல், யாரும் ஆட்டிப் பார்க்காமல் கிடந்திருக்கிறது. இடையில் இரண்டு மழை. கண்ணுக்கு மேலே மூன்று துளிர். ஒன்றில் இலை விரிந்தே விட்டது. எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு. ஒரு காம்புக்கு மூன்று இலை. மண்ணே இல்லை. தன்னிடம் இருந்ததை வைத்தே துளிர்த்திருக்கிறது.

திரும்பினால் அத்தை. கையில் காய்கறிப் பை.

கொம்பைப் பார்த்தார். பை கீழே விழுந்து, வெங்காயம் உருண்டது. இரண்டு கைகளாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "துளிர்த்துடுச்சு! உமா, துளிர்த்துடுச்சும்மா! தாயே... இனிமே அவன் வந்துடுவான். எல்லாம் சரியாயிடும்."

அப்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது. கத்தவில்லை. காய்கறி விலை கேட்பதுபோலத்தான் வந்தது.

"அத்தை, அவர் அங்கே ஒருத்தங்களோட இருக்கார்."

அத்தையின் கை கன்னத்திலேயே நின்றது. குனிந்து வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

"ஒரு தாலி ஏறிட்டா மாறிடுவான்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நல்ல பொண்ணா, படிச்ச பொண்ணா, அமைதியான பொண்ணாப் பாருன்னாங்க."

அமைதியான பொண்ணு. அதற்காகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அங்கே போகத்தான் முடியவில்லை.

"அப்புறம் ஏன் கொம்பை மாத்தினீங்க? இது பட்டுப்போச்சுன்னு நெனச்சுத்தானே?"

அத்தை துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். வெங்காயங்களை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு நட்டது பட்டுப்போச்சு உமா. முப்பத்திரண்டு வருஷம் அதையே சொன்னாங்க. உங்க மாமா குடிச்சுட்டு வந்தா, கொம்பு பட்டுப்போச்சுல்ல அதான். வேற ஒருத்தி வீட்ல மாசக்கணக்குல கெடந்தா, அவ கொம்பே பட்டுப்போச்சே, அவர் என்ன பண்ணுவார். அவர் செஞ்சது எதுவும் அவர் செஞ்சதில்ல. எல்லாம் நான் பிடிச்ச கொம்பு செஞ்சது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உன்னை யாரும் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். அதுக்குத்தான் லூர்து வேலியில ஒடிச்சேன். ஆடு மேய்க்கறவன்னு என்னைத் திட்டினா பாரு, அன்னைக்கு."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடவில்லை. கொஞ்ச நேரம் இருமினேன்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணப்போறே?" என்று கேட்டார்.

"தெரியல அத்தை."

அது உண்மை.

ஆகஸ்ட் 2, சனி

அவர் வந்தார். தலைமுடி வெட்டியிருந்தார். நன்றாக இருந்தது.

அத்தை பழைய கொம்பைப் பழைய குழியிலேயே நட்டுவைத்திருக்கிறார். லூர்து வேலிக் கொம்பைப் பிடுங்கி எங்கே போட்டார் என்று கேட்கவில்லை. குமரகுரு துளிரைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். யாரோ வாங்கிய பைக்கைப் பார்ப்பதுபோல.

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது பின்னால் வந்தார்.

"நாளைக்கு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ உமையாள். அம்மாவுக்காக. பெரியத்தை முன்னாடி எதுவும் வேணாம். அப்புறம் மெதுவா நாம பேசி ஒரு முடிவுக்கு வரலாம்."

"நாமன்னா யார் யாரு?"

அவருக்குப் புரியவில்லை. "என்ன?"

"அவங்க பேர் என்ன?"

சொன்னார். இங்கே எழுதவில்லை. அந்தப் பெண் எனக்கு எதுவும் செய்யவில்லை. குக்கரில் விசில் எண்ணுகிறாள்.

"பாவம்" என்றேன். யாரைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. துணிகளை மடித்துக்கொண்டு இறங்கினேன். அதில் அவருடையது ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

புதுக்கோட்டை. அம்மா வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கித் திறந்தேன். வீடு பூட்டிக் கிடந்த வாடை. காலையிலிருந்து நடந்ததை எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பத்தரைக்கு நேரம் குறித்திருந்தார்கள். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ, புதுச் சங்கிலி. பெரிய அத்தை அவர் வயதுப் பெண்கள் நாலு பேரோடு வந்து, முதல் வேலையாகக் கொல்லைக்குப் போனார். எல்லாரும் பின்னால் போனோம். அத்தை கொம்புக்குப் பூ வைத்திருந்தார்.

"அட, துளிர்த்துடுச்சே!" என்றார் பெரிய அத்தை. கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. "அப்போ சரி. பொண்ணு கை ராசிக்காரிதான். வாங்க, நேரம் ஆகுது."

எல்லாரும் உள்ளே திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. எனக்கு இருமல் வந்தது. வயிறு இழுத்துப் பிடிக்கும் இருமல். அது அடங்கியதும் கையை நீட்டி, கொம்பிலிருந்த இலைகளைப் பறித்தேன். முதலில் பெரியது. பிறகு சின்னது. முள் ஒன்று விரலில் ஏறியது.

"அடிப்பாவி! என்ன காரியம்டி பண்றே!" பெரிய அத்தையின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இருமல் பெரியத்தை. அடை தட்டணும்."

"அடையா? தாலி கோக்கற நேரத்துல... திலகா, உன் மருமகளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"தாலி கோக்க வேண்டாம்" என்றேன். "கயித்துலயே இருக்கட்டும். நான் ஊருக்குப் போறேன். நான் திரும்பி வரமாட்டேன்."

குமரகுரு வாசற்படியில் நின்றிருந்தார். "உமையாள், நேத்தே சொன்னேனே" என்று ஆரம்பித்தார். பெரிய அத்தை அவரைப் பேசவிடவில்லை. கொம்பு துளிர்த்தாலும் பிடித்த கை சரியில்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும், குடும்பத்தை ஒடிக்க வந்தவள் என்று அடுக்கிக்கொண்டே போனார். மற்ற பெண்கள் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதில் மேல் லூர்து அக்காவின் முகம் தெரிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, ஆச்சரியம்தான்.

அப்போது அத்தை பேசினார். சத்தமாக இல்லை.

"கொம்புக்கு ஒரு குறையும் இல்ல அண்ணி. பிடிச்ச கைக்கும் குறையில்ல. அது துளிர்த்துடுச்சு, நீங்களே பார்த்தீங்க. என் பிள்ளைதான் சரியில்ல."

பெரிய அத்தை குமரகுரு பக்கம் திரும்பினார்.

"அவன் மெட்ராஸ்ல ஒரு பொண்ணோட குடும்பம் நடத்தறான். தெரிஞ்சே இவ கழுத்துல கட்ட வெச்சேன். அது என் தப்பு. கொம்பு மேல போடாதீங்க." பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க தம்பி பண்ணினதையும் என் கொம்பு பண்ணல அண்ணி" என்றார்.

குமரகுரு செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பெரிய அத்தை பூவைத் தலையிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் போட்டுவிட்டு, தன் ஆட்களோடு கிளம்பினார். கேட் சத்தம் கேட்டது. லூர்து அக்கா மதிலிலிருந்து மெதுவாக இறங்கினார்.

அத்தை என் கையிலிருந்த இலைகளை வாங்கிப் பார்த்தார். காம்பைக் கிள்ளினார், நரம்பை உரித்தார், கழுவினார். பலகாரத்துக்கு ஊறப்போட்டிருந்த அரிசியில் ஒரு கை அள்ளி மிக்ஸியில் போட்டார். இந்த முறை உள்ளே ஏதோ அரைபட்டது. நான் அறைக்குப் போய்த் துணிகளை எடுத்துவைத்தேன். புத்தகப் பெட்டிக்கு வேலை வைக்கவில்லை. டேப் ஒட்டியபடியே இருந்தது.

ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அத்தை கல்லில் அடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மாவு ஒரே ஒரு அடைக்குத்தான் வந்தது. பச்சை நிறம், ஓரத்தில் முறுகல். வாழை இலை நறுக்கில் போட்டு என் முன்னால் வைத்தார். எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கயித்தை அங்கே போய் அவிழ்த்துக்கோ. இங்கே வேணாம். என்னால பார்க்க முடியாது."

"சரி அத்தை." பிறகு சொன்னேன், "கொம்புக்கு இனிமே தண்ணி ஊத்தாதீங்க. பால் வேண்டவே வேண்டாம்."

"ஊத்தல."

"ஆட்டிப் பார்க்காதீங்க."

"பார்க்கல. நீ சாப்பிடு, ஆறிடப்போகுது."

பிய்த்து வாயில் போட்டேன். மிளகு காரம் தொண்டையில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு துண்டு. நெஞ்சு சூடானது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார், எப்போதும்போல.

நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கில் ஏதோ குறைந்தது. அது என்ன என்று நின்று பார்த்தேன்.

"உப்பு போடல அத்தை."

அத்தை என்னைப் பார்த்தார். எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை எடுத்து, இலை ஓரத்தில் வைத்தார்.